அம்மா விசிட் பழகிய கதை

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து எனக்குப் பதைப்பாகவே இருக்கிறது. யார் பெயரையாவது விட்டுவிடுவேனோ, எதையாவது கூட்டிச் சொல்லிவிடுவேனோ, அச்சகத்தில் அம்மாவின் படம் கறுப்பாக விழுந்துவிடுமோ என்று ஓயாத கவலை. நான் பம்புசெட் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மூன்று முறை ஓட்டிப் பார்த்து அனுப்பிய பம்பை, லாரி கேட்டைத் தாண்டியதும் நாலாவது முறையும் ஓட்டிப் பார்த்திருக்கலாமோ என்று நினைக்கிற ஆள். "இவனுக்குப் பயப்படறக்கு ஒண்ணுமில்லீன்னா, ஏன் ஒண்ணுமில்லைன்னு பயந்துக்குவான்" என்று அம்மாவே என்னைக் கேலி செய்வார்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருக்கிறது. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகு அம்மா ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் படித்தார். அதைப் பற்றிச் சொன்னால் அம்மாவைப் பற்றிச் சொன்னதாகிவிடும் என்று நம்பி எழுதுகிறேன்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் நான்கு பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தவர் அம்மா. எட்டாம் வகுப்பு வரை படித்தார். அதில் ஆங்கிலத்துக்கென்று மிஞ்சியது தன் பெயரை எழுதத் தெரிந்ததும், பஸ்ஸின் நெற்றியில் உள்ள எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும்தான். அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு மதுக்கரைக்கு வந்தார். அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். நான் ஒன்பதாவது படிக்கும்போது, காலை ஷிப்டுக்குக் கிளம்பிய அப்பா பஸ் நிறுத்தத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. தங்கை கவிதா அப்போது நாலாவது. அம்மா அழுத நாட்களை எண்ணிவிடலாம். மூன்றாம் மாதம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். ஓய்வு பெறும் வரை தினமும் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு உலை வைத்த கை அது. எங்கள் இருவரையும் படிக்க வைத்ததும் அந்தக் கைதான்.

சொந்தக்காரர்கள் அனைவருக்கும் அம்மாவை எங்கே பார்த்ததாக ஞாபகம் இருக்கும்? யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சமையற்கட்டில்தான். வளைகாப்போ, காதுகுத்தோ, கிரகப்பிரவேசமோ, அம்மா முதல் நாளே வந்துவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், கண்ணில் படுகிற வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்துவிடுவார். பந்தியில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை. அது அவருடைய சுறுசுறுப்பு என்று நாங்கள் எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டோம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கை கல்யாணமாகி அமெரிக்கா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோனது. மூன்றாம் முறை ஆறு மாதம் தாண்டியபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அதற்குள் ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. படுக்கையை விட்டு இறங்கக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தாயார் இல்லை. பகல் முழுவதும் அவள் தனியாகக் கிடக்கிறாள். போனில் அம்மாவிடம் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "அம்மா, நீ வந்துரு. எனக்குப் பயமா இருக்குது."

சென்னையில் விசா நேர்காணல் தமிழிலேயே நடந்து, இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதோடு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவரின் தாயார் கதை என் காதில் விழுந்தது. அவரும் மகளின் பிரசவத்துக்காகப் போனவர். விமான நிலையத்தில் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, இவர் தெரிந்த ஆங்கிலத்தில், "பேபி, குக்கிங், ஹெல்ப்" என்று சொல்லியிருக்கிறார். வேலை செய்ய வந்திருக்கிறாரோ என்று சந்தேகப்பட்டுத் தனி அறையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்களாம். இதே கதை வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று மணி நேரம் ஆறு மணி நேரமாகி, கடைசியில் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வந்து சேர்ந்தது. அதில் எவ்வளவு உண்மை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் முழுவதையும் நம்பினேன். அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டால் தங்கை அங்கே என்ன ஆவாள்? இந்த ஒரு கேள்வி சோற்றில் கை வைத்தாலும் வந்தது, பம்பில் கை வைத்தாலும் வந்தது.

அதனால் அம்மாவுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். கம்பெனியிலிருந்து வந்ததும் நான்தான் அதிகாரி. சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஒய் டிட் யூ கம்?" என்று கேட்பேன். அம்மா, "ஐ விசிட் மை டாட்டர்" என்று சொல்ல வேண்டும். எப்படிக் கேட்டாலும் விசிட். எத்தனை முறை கேட்டாலும் விசிட். ஹெல்ப் என்ற சொல் வாயிலேயே வரக்கூடாது.

"ஏஞ்சாமி, ஒத்தாசை பண்றது அந்த ஊருல தப்பா?" என்று அம்மா கேட்டார்.

"தப்பில்லம்மா. ஆனா அதைச் சொன்னா அவன் வேற மாதிரி நெனச்சுக்குவான்."

"போயிச் சோறாக்கி, புள்ளையக் குளுப்பாட்டப் போறவ, சும்மா பாக்க வந்தேன்னு சொன்னா அது பொய்தான கண்ணு? எட்டாயிரம் மைலு தாண்டிப் போயி மொத வார்த்தையே பொய் சொல்லோணுமா?"

"பொய் இல்லம்மா. விசிட்டுன்னா ஒருத்தர் ஊட்டுக்குப் போயி, பாத்து, நாலு நாள் இருந்துட்டுத் திரும்பி வாரது."

"அதாவது, ஒறம்பரையாப் போறது."

"ஆமா. அதேதான்."

விருந்தாளியாகப் போவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அம்மா அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த துண்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் எங்க சாமி ஒறம்பரையாப் போயிருக்கேன்?"

அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அம்மா துண்டை மறுபடி மடித்தபடி, ஏதோ மளிகைச் சாமான் பட்டியல் சொல்வதைப் போல, பல்லடத்து அத்தை வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவர் மகளின் கல்யாணம், அப்பா போன மறு வருடம் நடந்தது. நானும் போயிருந்தேன், வடை சாப்பிட்டது மட்டும்தான் நினைவிருக்கிறது. சீர்த் தட்டுகளைப் பெண்கள் வரிசையாக எடுத்துக்கொண்டு மணவறைக்குப் போகும்போது, அம்மாவும் பழக்கத்தில் ஒரு தட்டைத் தூக்கியிருக்கிறார். கூட்டத்தில் யாரோ முகத்தைச் சுளித்திருக்கிறார்கள். அத்தை ஓடி வந்து, அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, "அண்ணி, பந்திக்கு ஆளே இல்லீங்க. நீங்க கொஞ்சம் உள்ள பாத்துக்கறீங்களா?" என்றாராம். கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். எங்கள் ஊரில் ஒருவரை ஒதுக்குவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் செய்வோம்.

"அன்னிலிருந்து யாரும் சொல்றதுக்கு முன்னாலயே நானே உள்ள போயிருவேன். சொல்றவிங்களுக்கும் சங்கடமில்ல, எனக்கும் சங்கடமில்ல" என்றார் அம்மா.

இருபது வருடத்துக்கு மேல் அம்மாவோடு ஒவ்வொரு விசேஷத்துக்கும் போய்வந்தவன் நான். ஒரு பம்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அம்மாவோ துணியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, ஒரு முடிவு சொன்னார்.

"சரி, நான் மொதல்ல அதைப் பழகிக்கறேன். பழகாததை வாயில மட்டும் சொன்னா, எதுக்க நிக்கறவன் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுப்போடுவான். பழகிட்டுச் சொன்னா பொய்யுமில்ல."

இப்படித்தான் விசிட் பழகுவது ஆரம்பமானது. முதலில் பக்கத்து வீடு. அம்மா போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு அக்கா காப்பி போட எழுந்ததும் தானும் எழுந்து பின்னாலேயே போய்விட்டார். "அது காலு தானாப் போகுது கண்ணு" என்று திரும்பி வந்து சொன்னார். அடுத்து, என் மனைவியின் தோழி வீடு. அங்கே பன்னிரண்டு நிமிடம் தாங்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்றாம் நிமிடம், அங்கே காயப்போட்டிருந்த மிளகாயை மழை வருகிறது என்று அள்ளப் போய்விட்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

பயண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் தூக்கம் போய்விட்டது. தங்கையின் கால் வீங்கிவிட்டதாக மாப்பிள்ளை படம் அனுப்பியிருந்தார். இங்கே அம்மாவால் ஒரு வீட்டில் கால் மணி நேரம் சும்மா உட்கார முடியவில்லை. "அம்மாவைப் பல்லடத்து அத்தை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் மனைவி. "அங்க உக்காந்துட்டாங்கன்னா அமெரிக்காவுல எங்க வேணாலும் உக்காருவாங்க."

பல்லடத்துக்கு இரண்டு முறை போனோம். முதல் முறை படுதோல்வி. எங்கள் துரதிர்ஷ்டம், அன்றைக்கு அத்தை வீட்டில் சந்தகை. இட்லியை அச்சில் போட்டுப் பிழியும்போது ஒருவர் பிடிக்க, ஒருவர் அமுக்க வேண்டும். அந்த அச்சு கிறீச்சிடும் சத்தம் கேட்டதும் அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அடுத்த கிறீச்சுக்கு எழுந்தே போய்விட்டார். திரும்பும் வழியெல்லாம் காரில், "ஐ விசிட் மை டாட்டர், ஐ விசிட் மை டாட்டர்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

இரண்டாம் முறை நான் முன்கூட்டியே அத்தைக்குப் போன் செய்து, விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கல்யாணத் தட்டைப் பற்றியும் சொல்லிவிட்டேன். சொல்லிய பிறகு ஏன் சொன்னோம் என்று இரண்டு நாள் தவித்தேன். அத்தை வீட்டு மாமா தவறிப் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அன்றைக்கு அத்தை வாசல் கேட்டுக்கே வந்து நின்றார். அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, மாமா உட்கார்ந்துவந்த பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார். சமையற்கட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். காப்பி முன்னமே கலந்து ஃபிளாஸ்க்கில் வைத்திருந்தார். அம்மாவின் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"அன்னிக்குத் தட்டை வாங்குனது நாந்தானுங் அண்ணி. இப்ப என்னையும் யாரும் முன்னால கூப்புடறதில்லீங்க. இப்பத்தான் எனக்குத் தெரியுது."

அம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. இதற்காகவா இந்த வயதில் அம்மாவை அலைக்கழிக்கிறோம், எழுந்து போய்விடலாம் என்று நான் கார் சாவியைக் கையில் எடுத்தேன். அம்மா ஒரு வாய் குடித்தார்.

"அது கெடக்குது அம்மணி, விடு. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்ட" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு முறைகூட எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டை அத்தை பரிமாற, அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

அம்மா விமானம் ஏறிய பிறகு நான் பட்ட பாட்டை எழுதினால் இந்த மலர் போதாது. அங்கே சாயங்காலம் இறங்கும்போது இங்கே விடிகாலை. இறங்கிவிட்டது என்று செல்போனில் காட்டியது. அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. மாப்பிள்ளை வெளியே நிற்கிறார், அம்மா வரவில்லை. ஒன்றரை மணி. பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். மனைவி வந்து அடுப்பை அணைத்தாள். தனி அறை, தனி அறை என்று மனம் அடித்துக்கொண்டது. ஹெல்ப் என்று சொல்லிவிட்டாரா? பயத்தில் விசிட் மறந்துவிட்டதா? நான் கவலைப்பட்டுச் சொல்லிக்கொடுத்ததே அவரைத் தடுமாற வைத்துவிட்டதா? சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். வேண்டிக்கொள்ளக்கூடத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. அம்மாவின் குரல்.

"நீ சொல்லி வெச்ச சக்கர நாற்காலியத் தள்றதுக்கு ஆள் வரல சாமி. அதான் லேட்டு."

"அம்மா, அந்த ஆபீசர் என்ன கேட்டான்?"

"அவன் எங்க கேட்டான்? நாந்தான் போனதும் ஐ விசிட் மை டாட்டர்னேன். பேபியான்னு கேட்டான். ஆமான்னு தலையாட்டுனேன். சிரிச்சுட்டு, சீல் குத்திக் குடுத்துட்டான். நல்ல பையன். உன்ற வயசுதான் இருக்கும்."

இதற்கா ஒன்றரை மாதம் தூங்காமல் கிடந்தேன் என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அம்மா போன ஒன்பதாம் நாள் தங்கைக்குக் கொதிப்பு மிகவும் ஏறி, மாதம் நிறையும் முன்பே அறுவை செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. உள்ளங்கை இரண்டில் அடங்கிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெற்றவர்களைத் தவிர யாரும் தொடக்கூடாது. மற்றவர்கள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

மூட்டை நிறையப் பிரசவ மருந்தும், பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்த துணிகளும் கொண்டுபோன அம்மாவுக்கு அங்கே கையால் செய்ய ஒன்றுமே இல்லை. குளிப்பாட்ட முடியாது. மடியில் போட முடியாது. அந்த ஒரு மணி நேரமும் பெட்டிக்கு அருகே ஒரு ஸ்டூலில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்று வாரமும் ஒரு நாள் தவறாமல் போனாராம். தங்கை முதல் வாரம் குழந்தையைப் பார்க்கவே பயந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். அப்போது அம்மா அவளிடம் சொன்னதை அவள் எனக்குப் பிறகு சொன்னாள்: "ஒண்ணும் செய்ய வேண்டாம் அம்மணி. பாரு. பாத்துட்டே இரு. பாக்கறதுக்கு ஆளிருக்குதுன்னு அதுக்குத் தெரியும்."

குழந்தை பிழைத்தது. இன்று இந்த வீட்டில் இலைகளுக்கு நடுவே ஓடித் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறாளே, அவள்தான்.

ஆறு மாதம் கழித்து ஊர் திரும்பிய அம்மாவிடம், "அங்கே கடைசி வரைக்கும் விசிட்தானா?" என்று கேட்டேன். "ஊட்டுக்குக் கொண்டாந்த பொறவு கொஞ்சம் சோறாக்கினேன். அந்த ஆபீசர் பையன்கிட்டச் சொல்லிப்போடாத" என்றார். அதன் பிறகு விசேஷங்களில் அவர் முன்வரிசையில் உட்கார ஆரம்பித்ததை நீங்களும் கவனித்திருப்பீர்கள். பக்கத்தில் அத்தையையும் பிடித்து உட்கார வைத்துக்கொள்வார். இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். உள்ளே போகவில்லை.

போன வருடம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனம், நுரையீரலில் நீர் என்றார்கள். கோவையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். தங்கை அங்கிருந்து கிளம்பி வழியில் இருந்தாள். நான் அந்தப் பத்து நிமிடங்களை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் என் மனம் ஆறும்.

உள்ளே போனதும் தலைமாட்டில் உள்ள திரையைத்தான் பார்ப்பேன். காலையில் இருந்த எண்ணுக்கும் இப்போதைய எண்ணுக்கும் என்ன வித்தியாசம்? ஆக்சிஜன் குழாய் மடங்கியிருக்கிறதா? சலைன் சரியாக இறங்குகிறதா? போர்வையை இழுத்துவிடுவேன். நர்ஸிடம் போய்க் கேட்பேன். திரும்பி வந்து மறுபடி திரையைப் பார்ப்பேன். நேரம் முடிந்துவிடும். நான்கு நாள் இப்படியே போயிற்று. வெளியே வந்து, அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று மனைவி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஐந்தாம் நாள் மாலை. போர்வையைச் சரி செய்துகொண்டிருந்த என் கையை அம்மா பிடித்தார். பிடியில் பலமே இல்லை. மூக்குக் குழாய்க்கு அடியில் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"உக்காரு சாமி."

"இல்லம்மா, அந்த நம்பர் கொஞ்சம் கொறையுது, டாக்டர்கிட்ட..."

"அவிங்க பாத்துக்குவாங்க. நீ விசிட்டுக்குத்தான வந்த? அந்தப் பொட்டியப் பாக்காத. என்னையப் பாரு."

உட்கார்ந்தேன். அம்மாவைப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது, சத்துணவுக் கூடத்தில் கஞ்சி தெறித்தது. நாற்பது வருடம் கூடவே இருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் இருங்கள் என்று போய்விட்டார். பயம் இல்லாமல் நான் இருந்த நேரம் என் வாழ்க்கையில் அதிகமில்லை. அந்தப் பதினைந்து நிமிடம் அதில் ஒன்று.

மறுநாள் காலை தங்கை வந்து சேர்ந்தாள். நேராக உள்ளே அனுப்பினார்கள். அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பெயர் தெரியாத அந்த நர்ஸம்மாவுக்கும், கடைசி வரை முயன்ற மருத்துவர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டி வந்த தம்பிக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பைப் பற்ற விடாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், பல்லடத்து அத்தைக்கும் எங்கள் நன்றி. யாருடைய பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னியுங்கள். மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், ஆனாலும் விட்டிருப்பேன்.

ஒரு வேண்டுகோள். இன்று காலை அத்தை பின்வாசல் வழியாக வந்து, சேலையைச் செருகிக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். என் மனைவி போய் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, அம்மாவின் படத்துக்கு நேர் எதிரே போட்டிருக்கும் முதல் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். வந்திருக்கும் நீங்களும் யாரும் உள்ளே போக வேண்டாம். பரிமாற ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மலரை வாங்கியதும் கிளம்பிவிடாமல், அத்தைக்குப் பக்கத்தில் சற்று நேரம் உட்காருங்கள். அம்மாவைப் பாருங்கள்.